எத்தனை தடவை பாடுவீங்க அக்கா?

போன வாரம் ஒரு பெண் வாட்ஸப்பில் கேட்டாள்: "அக்கா, பதத்துல சரண வரியை எத்தனை தடவை பாடுவீங்கன்னு சொல்லிடுங்க, அதுக்கேத்த மாதிரி பண்ணிக்கிறேன்." ஆர்.கே.புரத்தில் வளர்ந்தவள், நன்றாக ஆடுவாள். பதம் என்றால் முகத்தாலும் கையாலும் பாவம் காட்டி ஆடும் மெதுவான பாட்டு; சரணம் அதன் பின்பகுதி. ஆடுபவள் காட்டி முடிக்கும்வரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவோம். நான் எண்ணிப் பாடுவதில்லையே! நீ முடித்தால்தானே அடுத்த வரிக்குப் போவேன்?

டெல்லியில் 18 வருடமாகப் பரதநாட்டியத்துக்குப் பாடுகிறேன். பரதநாட்டியத்தைச் சதிர் என்று சொன்ன காலத்தில் வாத்தியக்காரர்கள் ஆடுபவரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று வாசித்தார்கள். அவர்களை மேடை ஓரத்தில் உட்காரவைத்தவர் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி. அங்கிருந்து எனக்குப் பாதி முகம்தான் தெரியும். அதனால் விரலைப் பார்ப்பேன். சஞ்சாரியில், அதாவது வரியை விரித்துக் காட்டும் சின்னக் கதையில், காத்துச் சலித்த நாயகி கதவைச் சாத்துகிறாள். சாத்திய கை மெல்ல இறங்கி, வரியின் முதல் சொல்லுக்கான முத்திரைக்குத் திரும்புகிறது. அதற்குள் அதே வரியை வேறு சங்கதியில், மெட்டைச் சற்று மாற்றி, எடுத்திருக்க வேண்டும். நான் குரலைத் தணித்தால் அவளும் அழுகையை உள்ளே இழுத்துக்கொள்வாள். நல்ல மிருதங்கக்காரராக இருந்தால் அந்த இடத்தில் வாசிக்காமல் சும்மா இருப்பார்.

ஒரு முறை சொதப்பியிருக்கிறேன். ஆடியவள் அபிநயத்தில் மாலை கட்டி முடிக்கவில்லை, நான் அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். பாதி மாலை அப்படியே காற்றில் போயிற்று. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதி ஆட, அவர் அம்மா ஜெயம்மாள் பாடினார். பாலாவும் ஆடிக்கொண்டே பாடுவார். ஒரே வீட்டில் ஒரே பாட்டோடு வாழ்ந்தவர்கள். எங்களுக்கு முதல் நாள் சாயங்காலம் யாராவது வீட்டு ஹாலில் ஒரே ஒரு ஒத்திகை. அதையும் ஜதிகள், அதாவது தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதிகள், தின்றுவிடும்.

இந்த ஊரில் வட இந்திய நடனமான கதக் பார்க்கும்போது பொறாமையாக இருக்கும். லெஹரா என்னும் ஒரே மெட்டு 16 மாத்திரைத் தாளத்தில் சுற்றிக்கொண்டே இருக்க, ஆடுபவர் மைக்கில் தாளச் சொற்கட்டைச் சொல்லிவிட்டு ஆடுவார், தபலா அங்கேயே பதில் சொல்லும். நம் ஜதியை, தாளம் போட்டு நடத்தும் நட்டுவனார் முன்கூட்டியே கோத்துவிடுகிறார். நமக்கு விளையாட மிச்சமிருப்பது பெரும்பாலும் அபிநயம்தான். அதையும் எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி?

ரெக்கார்டிங் போட்டு ஆடுபவர்களைத் திட்ட மாட்டேன். அரங்க வாடகையே கழுத்தை நெரிக்கிறது, இதில் நாலு பேருக்குச் சம்பளம் வேறு. (நானே ஸ்டுடியோவில் பாடிக் கொடுத்துக் காசு வாங்கியவள்தான்.) ஆனால் உயிரோடு நாலு பேரை உட்காரவைத்து, பென் டிரைவ் மாதிரி பாடச் சொல்வதுதான் தாங்கவில்லை.

"சனிக்கிழமை வீட்டுக்கு வா. ஒரே ஒரு வரி. சுருதிப் பெட்டி போதும்" என்று பதில் போட்டேன்.

"சரிக்கா. எவ்வளவு நேரம் ஆகும்?"