கீட்ஸின் உயிரைப் பறித்தது விமர்சனம் அல்ல, காசநோய்

"ஒரே ஒரு பத்திரிகை விமர்சனத்தைத் தாங்க முடியாமல் மனமுடைந்து 25 வயதில் உயிரைவிட்ட கவிஞர் ஜான் கீட்ஸ்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிவருகிறது. வயது சரி, காரணம் தவறு.

'குவார்ட்டர்லி ரிவ்யூ' என்ற ஆங்கிலப் பத்திரிகை அவருடைய 'எண்டிமியன்' கவிதையைக் கிழித்துத் தொங்கவிட்டது 1818-இல். அதே ஆண்டு அக்டோபரில் எழுதிய கடிதத்தில், இறந்தபின் ஆங்கிலக் கவிஞர்கள் வரிசையில் தான் இருப்பேன் என்கிறார் கீட்ஸ். நொறுங்கிப்போனவர் எழுதுகிற வரியா இது? நைட்டிங்கேல் பறவையையும் இலையுதிர்காலத்தையும் பாடிய கவிதைகள் 1819-இல் எழுதியவை.

காசநோயில் கிடந்த தம்பி டாமைக் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார். டாம் 1818 டிசம்பரில் இறந்தார். 1820 பிப்ரவரியில் கீட்ஸும் ரத்தம் துப்பினார். மருத்துவம் பயின்றவர் என்பதால், அதன் நிறத்தைப் பார்த்ததுமே முடிவு தெரிந்துவிட்டது. 1821 பிப்ரவரி 23 அன்று ரோமில் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது நுரையீரல் முழுக்க அழிந்திருந்தது.

விமர்சனக் கதையை ஊதிப் பெரிதாக்கியவர்கள் அவர் காலத்துக் கவிஞர்களான ஷெல்லியும் பைரனும்தான், முன்னவர் உருக்கமாக, பின்னவர் கிண்டலாக. கல்லறை வாசகமும் குழப்புகிறது: "நீரில் எழுதிய பெயர்" என்ற வரி மட்டுமே கீட்ஸ் கேட்டது, "எதிரிகளின் வன்மம்" பற்றிய வரிகள் நண்பர்கள் சேர்த்தவை.

கீட்ஸின் கடிதத் தொகுப்பில் 1818 அக்டோபர் பக்கங்களைப் புரட்டினால் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.