சப்போர்ட் குழுவின் கேள்வி எது, ஆடிட்டரின் கேள்வி எது?

புதுச்சேரியில் பில்லிங் மென்பொருளுக்கான சப்போர்ட் குழு ஒன்றில் பணிபுரிகிறேன். கடைக்காரர்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் நாங்கள் பதில் சொல்லிவிடக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன். எங்களுக்கே உரிய கேள்வியை "அது எங்கள் வேலை இல்லை" என்று தட்டிக் கழிப்பதையும் அதே உறுதியுடன் எதிர்க்கிறேன்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எங்கள் ஊர்க் கடைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஜிஎஸ்டி எண்ணின் தொடக்கத்தில் வரும் மாநிலக் குறியீடு புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. பக்கத்திலிருக்கும் கடலூர்க் கடைக்குச் சரக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை என்பதால், 18 சதவீத வரியுள்ள பொருளுக்கு முழுவதும் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டியாகவே விழும். அதே சரக்கு கடலூரையும் தாண்டிக் காரைக்காலுக்குப் போனால், காரைக்காலும் புதுச்சேரியின் பகுதியாக 34-இல் அடங்குவதால், மத்திய அரசுக்கான சிஜிஎஸ்டி 9, மாநில அரசுக்கான எஸ்ஜிஎஸ்டி 9 என்று பிரியும். (புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கான யூடிஜிஎஸ்டி இங்கே கிடையாது, யூனியன் பிரதேசம்தானே என்று இன்றும் பலர் கேட்கிறார்கள்.)

"காரைக்கால் பார்ட்டிக்கு ஏன் ஐஜிஎஸ்டி விழுகிறது?" என்பது முழுக்க முழுக்க எங்கள் கேள்வி. பார்ட்டியின், அதாவது வாங்குபவரின், விவரத்தில் மாநிலம் தமிழ்நாடு என்று பதிவாகியிருக்கிறதா, ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் என்ன என்று பார்த்துச் சரிசெய்து கொடுப்பது எங்கள் கடமை. ஏற்கெனவே தவறான வரியோடு கைமாறிவிட்ட பில்லை என்ன செய்வது என்பது ஆடிட்டரின் கேள்வி. அவர் கிரெடிட் நோட் (பழைய பில்லின் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போடச் சொன்னால், அதை எந்தத் திரையில், எந்தப் பில்லோடு இணைத்துப் போடுவது என்பது மறுபடியும் எங்களுடையது.

"இந்தப் பொருளுக்கு எந்த ஹெச்எஸ்என் வகைக் குறியீடு, எத்தனை சதவீத வரி?" என்று கேட்கும்போதுதான் நாக்கைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. நூறு கடைகளின் பில்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு ஒரு பதில் தோன்றத்தான் செய்யும். ஆனால் அது தவறாகிப்போனால் நோட்டீஸ் வருவது கடைக்காரருக்கு; குறைத்துக் கட்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் அவர் தலையில்தான் விழும். தொலைபேசியில் பதில் சொன்னவருக்கு அதில் எந்தப் பொறுப்பும் இருக்காது. பொறுப்பேற்க முடியாத பதிலை உதவி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

வேறு எதையாவது காட்டித் தப்பிக்கும் வழக்கமும் எங்கள் தொழிலில் இருக்கிறது. பில் அச்சாகவில்லை என்றவுடன் பிரிண்டர்க் கோளாறு என்றும், திரை மெதுவாக வருகிறது என்றவுடன் நெட் கோளாறு என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். விண்டோஸிலிருந்து ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்துப் பார்க்கச் சொன்னால் போதும்: அது ஒழுங்காக அச்சானால், கோளாறைப் பெரும்பாலும் எங்கள் மென்பொருளின் அமைப்பில்தான் தேட வேண்டும். அந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் அழைப்பை முடிப்பது கடையில் வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்களையும் சேர்த்துக் காக்க வைப்பதாகும்.

இதில் நிர்வாகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. "ஆடிட்டரிடம் கேளுங்கள்" என்ற நேர்மையான பதிலுக்குக் குறைந்த மதிப்பெண் விழுந்து, அதை வைத்துச் சம்பள உயர்வு தீர்மானமாகும் இடத்தில், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஊகித்துப் பதில் சொல்லத்தான் கற்றுக்கொள்வார்கள். அத்தகைய அழைப்புகளைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதை நிறுத்தி, எவை எங்கள் கேள்விகள், எவை அல்ல என்பதை மென்பொருள் விற்கும் நாளிலேயே தமிழில் எழுதிக் கடைக்காரர் கையில் கொடுக்க வேண்டும்.