அச்சடித்த பில் தாளுக்கு ரிப்போர்ட் மென்பொருள் (கணினியில் உள்ள விவரத்தைப் பில்லாக அமைத்து அடித்துக்கொடுப்பது) வாங்கப் போகிறீர்களா?

சிவகாசியிலோ உள்ளூர் அச்சகத்திலோ கடைப்பெயர், கட்டம், நிபந்தனை எல்லாம் அடித்து வாங்கிய தாளில் பில் போடுவதும், வெள்ளைத்தாளில் பில் போடுவதும் ஒரே வேலை இல்லை. ஆனால் மென்பொருள் வாங்கும்போது எக்செல்லுக்குப் போகுமா, கலர் சார்ட் வருமா என்றுதான் கேட்கிறோம். எழுத்து கட்டத்துக்குள் விழுமா என்று யாரும் கேட்பதில்லை. தினமும் அந்தத் தாளோடு மல்லுக்கட்டப் போவது பில் போடுகிற பெண்தான். அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் தாளின் நீளம். டாட் மேட்ரிக்ஸில், அதாவது ரிப்பன் மேல் ஊசி குத்தி அடிக்கும் பிரிண்டரில், ஓடும் தொடர் தாள் பெரும்பாலும் 12 அங்குலம், அதாவது 304.8 மி.மீ. மென்பொருள் அதை ஏ4 என்று எடுத்துக்கொண்டால் 297 மி.மீ.தான் நகர்த்தும். முதல் பில் அழகாக வரும். அடுத்தடுத்த பில்லில் எழுத்து கிட்டத்தட்ட 8 மி.மீ. மேலே ஏறிக்கொண்டே போகும். ஐந்தாவது பில்லில் வாடிக்கையாளர் பெயர் கடையின் முத்திரை மேல் விழுந்திருக்கும். டெமோவில் ஒரே ஒரு தாள் அடித்துக் காட்டினால் இது தெரியவே தெரியாது.

அடுத்தது இன்னும் முக்கியம். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ், ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் போன்ற ரிப்போர்ட் மென்பொருள்கள் எல்லாம் முகவரி, சரக்கு, மொத்தம் என்று பட்டை பட்டையாகப் பக்கத்தை அடுக்குபவை. ஒரு பட்டை நீண்டால் அதன் கீழே இருப்பது எல்லாம் நகரும். வெள்ளைத்தாளில் அது வசதி, அச்சடித்த தாளில் அதுவே வினை. முகவரி மூன்று வரியிலிருந்து நான்கு வரியானால் சரக்கு விவரம் ஒரு கட்டம் இறங்கிவிடும். மூன்றே பொருள் வாங்கியிருந்தால் மொத்தத் தொகை பக்கத்தின் நடுவில் தொங்கும். ஆகவே பெட்டிகள் நீளாமல் பூட்ட முடிய வேண்டும். மொத்தம் எப்போதும் அடியில் அதே இடத்தில் நிற்க வேண்டும். தாளில் 12 வரிக்குத்தான் கட்டம் என்றால், அதற்கு மேல் போனால் அடுத்த தாளுக்குத் தாவி, மொத்தத்தைக் கடைசித் தாளில் மட்டும் போட வேண்டும். நல்ல மென்பொருள்களில் இவை எல்லாம் செய்யலாம். செய்யத் தெரிந்தவரா உங்களுக்கு எழுதிக்கொடுக்கிறார் என்பதையும் பாருங்கள்.

லேசர் இருக்கும்போது எதற்கு டாட் மேட்ரிக்ஸ் என்று கேட்பவர்கள் லாரி புக்கிங் ஆபீசில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். சரக்கு விற்றால் ஜிஎஸ்டி விதிப்படி வாங்குபவருக்கு, வண்டிக்காரருக்கு, நமக்கு என்று மூன்று பிரதி வேண்டும். கார்பன் பிரதித் தாளில் ஊசி அழுத்தி அடித்தால் ஒரே ஓட்டத்தில் மூன்றும் வந்துவிடும். அங்கே என் ஓட்டு டெக்ஸ்ட் மோடுக்குத்தான், அதாவது பிரிண்டரிலேயே உள்ள எழுத்துகளால் அடிப்பதற்கு. அங்குலத்துக்கு 6 வரி, 12 அங்குலத்துக்கு 72 வரி. கணக்கு அவ்வளவுதான், வேகமும் அதிகம். ஃபாஸ்ட்ரிப்போர்ட் என்ற மென்பொருளில் இதற்கென்றே தனி ரிப்போர்ட் வகை இருக்கிறது. தமிழில் பில் வேண்டும் என்றால் மட்டும் பெரும்பாலும் எழுத்தைப் படமாக அடிக்கும் கிராஃபிக்ஸ் மோடுதான் வழி, அப்போது பொறுமையாக நிற்க வேண்டும்.

அப்புறம், மேலே கீழே, இடம் வலம் இரண்டு மூன்று மி.மீ. நகர்த்தும் வசதி ஒவ்வொரு கணினியிலும் செட்டிங்காக இருக்க வேண்டும். பிரிண்டர் மாறும். அச்சகம் அடுத்த கட்டுத் தாளை அடிக்கும்போது கோடு கொஞ்சம் தள்ளும். ஒவ்வொரு முறையும் புரோகிராமரைக் கூப்பிடுவது கொடுமை. பிடிஎஃப் வழியாக அடிப்பவர்கள் 'ஃபிட் டு பேஜ்' என்பதை அணைத்துவைக்க வேண்டும், இல்லையென்றால் அது பக்கத்தின் அளவையே மாற்றிவிடும்.

ஒரே ஒரு இடத்தில் அச்சடித்த தாளையே விட்டுவிடச் சொல்வேன். 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள், மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (அரசின் இணையதளத்தில் பதிவாகும் பில்) எடுக்க வேண்டும். அதன் க்யூஆர் குறியீடு நெருக்கமான புள்ளிகளால் ஆனது. 9 ஊசி பிரிண்டரில், அதுவும் தேய்ந்த ரிப்பனில் அதைத் தெளிவாக எடுப்பது கஷ்டம். அவர்கள் வெள்ளைத்தாள், லேசர் என்று மாறிவிடலாம்.

மற்றவர்கள் டெமோவுக்குப் போகும்போது உங்கள் தாளிலேயே ஒரு கட்டு எடுத்துப் போங்கள். நீளமான முகவரி ஒன்று, பொருள் அதிகமுள்ள பில் ஒன்று சேர்த்து, இருபது தாளை நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள். இருபதாவது தாளைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.