பெனால்டி கார்னரை மட்டும் நம்பினால் போதாது

2026 உலகக் கோப்பையில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி அரையிறுதிக்குப் போவது உறுதி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கும் ஆசைதான், ஆனால் அவ்வளவு அடித்துச் சொல்ல மனம் வரவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினோம், 2025 ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவை 4-1 என்று வென்றோம், எல்லாம் சரி, அதே வருஷம் ஐரோப்பாவில், முன்னணி நாடுகள் மோதும் புரோ லீக் தொடரில், தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றோமே, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

எதிரணி தன் வட்டத்துக்குள் தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரை கோலாக்குவதில் ஹர்மன்பிரீத் சிங் பெரிய ஆட்டக்காரர், பாரிஸில் மட்டும் 10 கோல். ஆனால் 2023 உலகக் கோப்பையில் பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசும் அவருடைய டிராக் ஃபிளிக் எடுபடாமல் போனதும் என்ன நடந்தது? சொந்த மண்ணில், புவனேஸ்வரில், நியூசிலாந்திடம், ஆட்டம் சமனானபின் வைத்த ஷூட் அவுட்டில் தோற்றுக் காலிறுதிக்குக்கூட வர முடியவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. வட்டத்துக்குள் புகுந்து ஆட்டப் போக்கிலேயே களக் கோல் அடிக்கும் முன்கள வீரர்கள் இல்லாவிட்டால் மறுபடியும் அதே கதைதான்.

ஹாக்கி இந்தியா நிர்வாகம் ஜூனியர் பையன்களைத் தைரியமாக மேலே கொண்டுவர வேண்டும். 2025 ஜூனியர் உலகக் கோப்பையில், சென்னையில் அர்ஜென்டினாவுக்கு எதிரான வெண்கலப் போட்டியில் 0-2 என்று பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நாலு கோல் போட்டார்களே, அந்தத் துணிச்சல் சீனியர் அணிக்கு வேண்டும். முன்னாள் இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் பயிற்சியில் வளர்ந்தவர்கள் அவர்கள். அதே தொடரில் பெல்ஜியத்துக்கு எதிரான ஷூட் அவுட்டில் கோல் காத்த பிரின்ஸ்தீப்பை இன்னும் எத்தனை நாள் காக்க வைப்பது? சீனியர் அணியின் முன்கள வீரர், நம் அரியலூர் கார்த்தி செல்வத்துக்கும் தொடர்ந்து ஆட வாய்ப்புக் கொடுங்கள், ஒரு தொடரில் எடுத்து அடுத்ததில் உட்கார வைக்காதீர்கள்.