தொட்டிக்குள் மெழுகுவத்தி எரிந்தால் இறங்கலாமா?

"சாயக்கழிவுத் தொட்டிக்குள் மெழுகுவத்தியைக் கயிற்றில் இறக்குங்கள். அணையாவிட்டால் விஷவாயு இல்லை. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கலாம்." திருப்பூர், பெருந்துறைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கினால்தான் மெழுகுவத்தி அணையும். அடிச்சேற்றைக் கிளறும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவோ 1000 பிபிஎம், அதாவது வெறும் 0.1 சதவீதம் இருந்தாலே ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். சுடர் அப்போதும் நின்று எரியும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் அந்தச் சுடரே தொட்டியை வெடிக்கவைக்கும். ஹைட்ரஜன் சல்பைடின் நாற்றத்தையும் நம்ப முடியாது: 100 பிபிஎம் அளவிலேயே மூக்கு மரத்துப்போகும். "நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான கணக்கு. ஈரத்துண்டு, என்95 இரண்டுமே வாயுவைத் தடுக்காது.

மூடியைத் திறந்து, புளோயரால் காற்றை உள்ளே செலுத்தி, கேஸ் மீட்டரை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சேற்றைக் கிளறினால் அளவு மாறும் என்பதால் வேலை முடியும்வரை மீட்டர் உள்ளேயே ஓடட்டும்.

உள்ளே ஆபத்தான வாயு இல்லை என்று தகுதியானவர் தரும் எழுத்துச் சான்று, அல்லது சுவாசக் கருவியோடு வெளியே ஆள் பிடித்த கயிறு கட்டிய பெல்ட் வேண்டும் என்பதை, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவில் படித்துப் பார்க்கலாம்.

செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வந்த குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்க வேண்டாம், கயிற்றால் இழுங்கள், 101-ஐ அழையுங்கள்.