சூரசம்ஹாரத்தன்று பாட்னாவில்

கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பன் தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆனால் போதும், போன் பண்ணிப் புலம்ப ஆரம்பித்துவிடுவான். "தீபாவளிக்கு ஊருக்குப் போறேன்னானுங்க. சரின்னு போனஸும் குடுத்து அனுப்புனேன். பத்து நாளாச்சு, பீகார்ப் பசங்க ஒருத்தனும் திரும்பலை. கேட்டா சத் பூஜையாம். அதென்னடா நாம கேள்விப்படாத பூஜை?"

மூன்று வருஷம் பாட்னாவில் வங்கி வேலை பார்த்த பாவத்துக்கு இந்தப் புலம்பல் என் தலையில் விடியும். இந்த முறை இங்கேயே எழுதிவிடுகிறேன், அவனும் படிக்கட்டும்.

முதலில் ஒன்று. அவர்கள் தீபாவளிக்குப் போகவில்லை, சத் என்ற சூரிய பூஜைக்குத்தான் போகிறார்கள். தீபாவளி போகிற வழியில் வருகிறது, அவ்வளவுதான்.

நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவை சாச்சி என்று கூப்பிடுவேன். தீபாவளி முடிந்த கையோடு மொட்டை மாடியில் துணி விரித்து, கழுவிய கோதுமையைக் காயப்போடுவார். ஒரு குருவி வாய் வைத்தாலும் எச்சில், பூஜைக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக் காவல் என்னுடையது. பேங்க் ஆபீசர் குச்சியும் கையுமாகப் புறா விரட்டுவதைப் பக்கத்து மாடிப் பிள்ளைகள் நின்று ரசிப்பார்கள். அந்த மாவில்தான் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி, மாமர விறகு எரியும் மண் அடுப்பில் டேக்குவா பொரிப்பார்கள். கடிப்பதற்கு முன் பல் ஒருமுறை யோசிக்கும்.

விரதம் நாலு நாள். முதல் நாள் குளித்துவிட்டு சுரைக்காய், கடலைப்பருப்பு, பச்சரிசிச் சோறு. மறுநாள் பகல் முழுக்கப் பட்டினி, இருட்டியதும் வெல்லப் பாயசமும் ரொட்டியும். அதைச் சாச்சி கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவார். நடுவில் யாராவது கூப்பிட்டுக் காதில் விழுந்துவிட்டால் அத்தோடு எழுந்துவிட வேண்டியதுதான். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் மாடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்திருக்கிறேன். அதற்கப்புறம் சுமார் 36 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. மூன்றாம் நாள் மாலை தண்ணீரில் நின்று மறையும் சூரியனுக்கு அர்க்கியம். நாலாம் நாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கு. கங்கைக் கரையில் பனி மூடியிருந்தால் சூரியன் கண்ணில் படுகிறவரை அத்தனை பேரும் குளிரில் நின்றுகொண்டிருப்பார்கள்.

புரோகிதர் வேண்டாம், கோயில் வேண்டாம். மந்திரத்துக்குப் பதில் பாட்டு. பாடகி சாரதா சின்ஹாவின் குரல் தெருவில் கேட்டால் சத் வந்துவிட்டது என்று அர்த்தம். 2024 நவம்பர் 5, விரதத்தின் முதல் நாளிலேயே அவர் காலமானார். மூங்கில் முறத்தில் கரும்பு, வாழைப்பழம், தேங்காய், வேரோடு பிடுங்கிய மஞ்சள், இஞ்சி. நம் பொங்கலுக்கு அத்தை மகள் என்று வைத்துக்கொள்ளலாம். முறம் பின்னுவது தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட டோம் சமூகத்தார். பாட்னாவில் மண் அடுப்பு செய்து விற்பவர்களில் முஸ்லிம் பெண்களும் உண்டு. இதை வைத்து 'சாதியில்லாத பண்டிகை' என்று உருகுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஐந்தாம் நாள் எல்லாம் பழையபடிதான்.

எனக்கு ஒப்பாத விஷயம் இன்னொன்றும் இருக்கிறது. சாச்சிக்குச் சர்க்கரை. தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதைப் பார்க்கப் பயமாக இருக்கும். ஒருமுறை எடுத்த விரதத்தை வீட்டில் அடுத்த தலைமுறை ஏற்றுக்கொள்ளும்வரை விடக்கூடாது என்பார். ஆண்களும் இருக்கிறார்கள் என்றாலும் பாரம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான். மருமகள் டெல்லியில் வேலையில் இருந்தாள். அவள் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் இல்லை, இவர் கேட்கவும் இல்லை.

ஆனால் மகன் வந்துவிடுவான். ரயிலில் இடம் இல்லாமல் கக்கூஸ் கதவோரம் உட்கார்ந்தாவது வருவான். படையல் கூடையைத் தலையில் சுமந்து வெறுங்காலோடு படித்துறைக்கு நடக்க அவன் வேண்டும். உன் பட்டறைப் பையன் லீவு கேட்பது அந்தக் கூடைக்காக.

சத் என்றால் ஆறாவது, அதாவது சஷ்டி. நம் கந்தசஷ்டியும் அதே வளர்பிறை சஷ்டிதான். 2024இல் நவம்பர் 7, 2025இல் அக்டோபர் 27. திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நடந்த அதே சாயங்காலம் பாட்னாவில் தண்ணீரில் நின்றார்கள். அவர்கள் கும்பிடும் சட்டி மையா என்ற சஷ்டி தேவியைச் சூரியனின் தங்கை என்பார்கள். மகாபாரத வனபர்வத்தில் முருகன் மனைவி தேவசேனைக்கும் சஷ்டி என்று ஒரு பெயர் உண்டு. நம்ம தெய்வானைதாண்டா. உங்கம்மா மிளகை எண்ணி விழுங்கிச் சஷ்டி இருக்கும் அதே நாட்களில்தான் அந்தப் பையன் அம்மாவும் பட்டினி கிடக்கிறாள். கேள்விப்படாத பூஜையாம்!

புதுக் காலண்டர் வந்ததும் சூரசம்ஹாரம் என்றைக்கு என்று பார்த்து வட்டம் போடு. மறுநாள் காலையில்தான் அவர்கள் விரதம் முடிப்பார்கள், சில வருஷம் அதற்கும் ஒரு நாள் தள்ளி. அதிலிருந்து ரயிலுக்கு மூன்று நாள் கூட்டிக்கொள். அதற்கு முன்னால் எந்தப் பார்ட்டிக்கும் டெலிவரி தேதி கொடுக்காதே.