பேயைக் காட்டாதீர்கள், ப்ளீஸ்

பேய் என்றால் அதற்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்க வேண்டும், செத்ததற்கு நியாயம் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் எம்.ஆர்.ஜேம்ஸைப் படித்தால் ஏமாந்துதான் போவார்கள். என்னைக் கேட்டால், ஆங்கிலப் பேய்க்கதையில் அவரைத் தாண்டிய ஆள் இல்லை.

இத்தனைக்கும் எழுத்து அவருக்குப் பிழைப்பு இல்லை. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தலைவராக இருந்தவர், பழைய கையெழுத்துச் சுவடிகளுக்கு அட்டவணை போட்ட பெரிய அறிஞர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களை அறையில் உட்கார வைத்து வாசித்துக் காட்டிய கதைகள்தான் 1904இல் முதல் தொகுப்பாக வந்தன.

1911 தொகுப்பில் உள்ள 'காஸ்டிங் தி ரூன்ஸ்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ஸ்வெல் என்றொரு மாந்திரீகப் பித்தன். அவனுடைய கட்டுரை தேறாது என்று சொன்ன டன்னிங்கிடம், பிரிட்டிஷ் மியூசியத்தில் கீழே விழுந்த தாளை எடுத்துக் கொடுப்பவன்போல, ரூன் என்ற பழங்கால எழுத்துகள் எழுதிய ஒரு சீட்டைச் சேர்த்துவிடுகிறான். சீட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்குச் சாவு. ஓர் இரவு விளக்கு எரியவில்லை. மணி பார்க்கலாம் என்று டன்னிங் தலையணைக்கு அடியில் கையை விடுகிறார். கையில் படுவது ஒரு வாய். பல், சுற்றிலும் மயிர். மனித வாய் இல்லை. அவ்வளவுதான்! அது என்ன, எங்கிருந்து வந்தது, ஒரு வரி விளக்கம் கிடையாது. கண்ணால் பார்த்திருந்தால் இந்தப் பயம் பாதிகூட வந்திருக்காது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கடைசிப் பகுதி. சீட்டு கார்ஸ்வெல்லிடமே திரும்பிவிட்டது. அவன் டோவரில் கப்பல் ஏறப் போகிறான். டிக்கெட் பார்ப்பவர் அவனைக் கூப்பிட்டு, கூட வந்தவரிடம் டிக்கெட் இருக்கிறதா என்று விசாரிக்கிறார். கூட யாரும் இல்லை. சரி, அவன் கொண்டுவந்த கம்பளிகளைப் பார்த்து ஆள் என்று நினைத்திருப்போம் என்று அவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். தினமும் நூறு பேரைப் பார்க்கிற ஒரு சிப்பந்தியின் சலிப்புக் குரலில் பேயைக் கொண்டுவந்து நிறுத்த என்ன துணிச்சல் வேண்டும்!

இதையே 1957இல் 'நைட் ஆஃப் தி டீமன்' என்று படமாக எடுத்தார்கள். இயக்குநர் ழாக் தூர்னர் நிழலை வைத்தே மிரட்டத் தெரிந்தவர். ஆனால் தயாரிப்பாளர் பூதத்தை நேராகக் காட்டியே ஆக வேண்டும் என்று நின்றார். ஆரம்பக் காட்சியிலேயே ஆடி அசைந்து வருகிறது. மற்றபடி நல்ல படம். அந்தப் பூதம் வரும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

1959இல் தொடங்கிய, 'பான்' பதிப்பகத்தின் திகில் கதைத் தொகுப்பு வரிசையில் பிந்தையவற்றிலும் எனக்கு இதே மனத்தாங்கல்தான். ரத்தம், அறுத்த கை கால், இன்னும் ரத்தம். குமட்டுகிறது, பயம் வரவில்லை. டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸ் 1902இலேயே 'குரங்கின் பாதம்' கதையில் செத்த மகனைக் கதவுக்கு வெளியே தட்டவிட்டு, நமக்குக் காட்டாமலே முடித்துவிட்டார்.

ஜேம்ஸிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. பெண்கள் அநேகமாக இல்லை. நாயகர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பிரம்மச்சாரிப் படிப்பாளிகள். முதல் சில பக்கங்கள் தேவாலயக் கட்டடக்கலை, லத்தீன் என்று இழுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த கதைகள்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் கதை, படம் அப்புறம்.